பழைய டேப் ஃபில்டர் போட்டால் சிரிப்பு வருமா?

கேள்வி: ‘கார்த் மரெங்கீஸ் டார்க்பிளேஸ்’ பார்த்து வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, நண்பர்கள் சேர்ந்து எண்பதுகளின் மலிவான ஆஸ்பத்திரி சீரியலைப் பகடி செய்து 9 நிமிடக் குறும்படம் எடுத்தோம். பார்த்தவர்கள் ‘படம் மட்டமா இருக்கே’ என்கிறார்கள், யாரும் சிரிக்கவில்லை. பழைய வீடியோ டேப் மாதிரி மாற்றித் தர ஒரு எடிட்டிங் ஸ்டூடியோ 18,000 ரூபாய் கேட்கிறது. கொடுக்கலாமா?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: கொடுக்காதீர்கள். அந்தக் கோடும் புள்ளியும் இலவச எடிட்டிங் மென்பொருளிலேயே வரும், அரை மணி நேர வேலை. அதைப் பெரிய வித்தை மாதிரி காட்டிப் பசங்களிடம் பணம் பிடுங்குகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன், வயிறு எரிகிறது.

உங்கள் படத்தில் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. ‘டார்க்பிளேஸ்’ 2004-இல் பிரிட்டனின் சேனல் 4-இல் வந்தது, மொத்தமே 6 எபிசோட். மேத்யூ ஹோல்னஸ் நடித்த மரெங்கி ஒரு திகில் நாவலாசிரியர். எண்பதுகளில் தானே எழுதி, இயக்கி, நடித்துக் கிடப்பில் போன தொடரை இப்போது நமக்குக் காட்டுகிறார். நடுநடுவே அவரும் நண்பர்களும் உட்கார்ந்து பேட்டி கொடுக்கிறார்கள். மனிதர் தன்னை மேதை என்றே நம்புகிறார். மலிவான செட்டின் சுவர் ஆடுவது சிரிப்பில்லை. ஆடுகிற சுவருக்கு முன்னால் அவர் நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறாரே, அதுதான் சிரிப்பு.

அதில் வரும் ஸ்லோ மோஷனைத் திரும்பப் பாருங்கள். ரிச்சர்ட் அயோவாடி நடித்த பதிப்பாளர், எபிசோட் நீளம் போதாததால் வசனமில்லாத காட்சிகளை இழுத்துவிட்டோம் என்று பேட்டியில் சொல்லிவிடுவார். அதற்கப்புறம் யாராவது வராந்தாவில் மெதுவாக நடந்தாலே நமக்குச் சிரிப்பு வந்துவிடும், காரணம் தெரிந்துவிட்டதே. பிரிட்டிஷ் நகைச்சுவைக் கலைஞர் விக்டோரியா வுட்டின் சீரியல் பகடி ‘ஏகார்ன் ஆன்டீக்ஸ்’ (1985, பிபிசி) இதே மாதிரிதான். அது கேலி செய்த ‘கிராஸ்ரோட்ஸ்’ சீரியல் ஆரம்பத்தில் வாரத்துக்கு 5 எபிசோட் ஓடியது. திரும்ப எடுக்க நேரமே இருக்காது. அந்த அவசரம்தான் அங்கே தப்புக்குக் காரணம்.

உங்கள் படத்தில் முதல் நிமிடத்திலேயே மைக் தொங்குகிறது, விக் நழுவுகிறது, கதவு கழன்று விழுகிறது. ஒன்றுக்கும் காரணம் இல்லை. ஒவ்வொரு தப்புக்கும் பக்கத்தில் ‘பணம் இல்லை’, ‘நேரம் இல்லை’, ‘தலைக்கனம்’ என்று ஏதாவது ஒன்றை எழுதிப் பாருங்கள். எதுவும் பொருந்தாவிட்டால் வெட்டிவிடுங்கள்.

ஒரு விதிவிலக்கை மட்டும் விளக்கமாகச் சொல்ல வேண்டும், டப்பிங். அந்தத் தொடரில் மேட் பெர்ரியின் பாத்திரத்துக்குக் குரல் உதட்டோடு ஒட்டாது. அவர்கள் ஊரில் அது உடனே தப்பாகத் தெரியும். நமக்கு அப்படி இல்லை. டப்பிங் சீரியல் பார்த்தே வளர்ந்த கண்ணுக்கு உதடு அரை நொடி தள்ளிப் போனால் உறைக்கவே உறைக்காது. நீங்கள் அதைத்தான் செய்து ஏமாந்திருக்கிறீர்கள். உதட்டை விட்டுவிட்டு அறையின் ஒலியைக் கெடுங்கள். டாக்டர் கத்தும்போது எதிரொலியே இல்லாமல், காதுக்குள் வாய் வைத்துப் பேசுவதுபோல் குரல் கேட்கட்டும். நர்ஸ் தட்டைக் கீழே போட்டாலும் சத்தம் வரக் கூடாது. அது நம் ஆட்களுக்கு உடனே பிடிபடும்.

பழைய சீரியலின் டைட்டில் இசையை அப்படியே போட்டிருக்கிறீர்கள், எடுத்துவிடுங்கள். பிரிட்டனில் 2014 முதல் பகடிக்குப் பதிப்புரிமைச் சட்டத்திலேயே தனி விலக்கு உண்டு. நம் 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் விலக்குகளைச் சொல்லும் 52-ஆம் பிரிவில் விமர்சனம் இருக்கிறது, பகடி என்ற சொல்லே இல்லை. இத்தனை திருத்தம் செய்தவர்களுக்கு இது ஏன் தோன்றவில்லை? படத்தை இணையத்தில் ஏற்றும்போது வீடியோ தளத்தின் இயந்திரம் தானாகவே பதிப்புரிமைப் புகார் போட்டால் உங்கள் பக்க நியாயத்தைக் கேட்க ஆள் கிடைக்காது. நண்பர் யாராவது ஒரு கீபோர்டில் வாசிக்கட்டும்.

அடுத்து ‘சர்வதேச விழாவுக்கு அனுப்புகிறோம், விருது நிச்சயம்’ என்று ஒருவர் வருவார். விருது நிச்சயம் என்று முன்கூட்டியே சொல்கிறவருக்கு ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள்.

முதல் வேலையாக 2 நிமிடம் 10 நொடிக்குப் போங்கள். மைக் தலையில் இடிக்கும்போது உங்கள் டாக்டர் லேசாகச் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பை வெட்டுங்கள். முடிந்தால் அந்த ஷாட்டை மறுபடி எடுங்கள்: மைக் இடிக்கட்டும், அவர் கண்ணைக்கூட அசைக்காமல் நோயாளியின் நாடியைப் பிடித்துக்கொண்டே இருக்கட்டும்.