வாசகர் கேள்வி–பதில்: சீனப் பெருஞ்சுவரில் எந்தப் பகுதிக்குப் போவது?

கேள்வி: பெய்ஜிங்கில் மூன்று நாள் தங்குகிறோம். அதில் ஒரு நாள் பெருஞ்சுவருக்கு. அம்மாவுக்கு 68 வயது, மூட்டுவலி உண்டு. எட்டு வயதுப் பையனும் வருகிறான். பயண முகவர் பாதாலிங் பகுதிக்குத்தான் அழைத்துப் போவேன் என்கிறார். சரிதானா?
– வாசகி, கோவை

பதில்: உங்கள் குடும்பத்துக்கு முதியான்யு பகுதிதான் பொருத்தம். பாதாலிங் மோசமான இடமல்ல. 1957 முதல் பயணிகளுக்குத் திறந்திருக்கிறது, 1972-இல் அமெரிக்க அதிபர் நிக்சன் வந்ததும் அங்கேதான். அந்தப் புகழால்தான் கூட்டமும் அங்கே குவிகிறது. நெரிசலில், செங்குத்தான சரிவில், நின்று மூச்சு வாங்கக்கூட இடமில்லாமல் அம்மாவை நடக்கவைப்பது சரியல்ல.

முதியான்யு பெய்ஜிங்கிலிருந்து வடக்கே ஏறத்தாழ 70 கி.மீ. காரில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகும். கார் வரவேற்பு மையம் வரைதான் போகும். அங்கிருந்து உள்பேருந்து, அதன்பிறகு மலை ஏற ரோப் கார். இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். மேலே போக இரண்டு வழிகள் உண்டு. கதவு மூடிய ரோப் கார் 14-ஆம் காவற்கோபுரத்துக்குப் போகிறது. திறந்த நாற்காலி ரோப் கார் 6-ஆம் கோபுரத்துக்குப் போகிறது. கீழே வரும் சறுக்குவண்டியும் 6-இலிருந்துதான் புறப்படுகிறது. மூடிய ரோப் காரை நடத்துபவர்கள் வேறு, நாற்காலியையும் சறுக்குவண்டியையும் நடத்துபவர்கள் வேறு என்பதால் ஒன்றின் சீட்டு மற்றொன்றில் செல்லாது. ரோப் காருக்குப் போக வர சீட்டு எடுத்துவிட்டு, மேலே போனபின் பிள்ளை சறுக்குவண்டி கேட்டால், திரும்பும் சீட்டுக்குக் கொடுத்த பணம் வீண்.

அதனால் கீழேயே பிரித்து எடுங்கள். அம்மாவுக்கும் அவருடன் இருப்பவருக்கும் 14-ஆம் கோபுர ரோப் கார், போக வர. உங்களுக்கும் பையனுக்கும் அதிலேயே ஏற மட்டும் ஒரு சீட்டு, இறங்க சறுக்குவண்டிச் சீட்டு. அம்மா 14-ஐச் சுற்றி நிதானமாக நடந்து, உட்கார்ந்து, மலை வரிசையைப் பார்க்கலாம். நீங்கள் இருவரும் 14-இலிருந்து 6 வரை நடந்து வாருங்கள். பெரும்பாலும் இறக்கம்தான், நின்று பார்த்து வந்தாலும் ஒன்றரை மணி நேரம் போதும். 20-ஆம் கோபுரப் பக்கம் திரும்பினால் கடைசி ஏற்றம் மிகச் செங்குத்து; பிள்ளையோடு வேண்டாம்.

சறுக்குவண்டியில் நடுவே ஒரு பிடி இருக்கும். முன்னே தள்ளினால் ஓடும், பின்னே இழுத்தால் நிற்கும். சிறுவர்கள் பெரியவரோடு சேர்ந்துதான் உட்கார வேண்டும். முன்னால் போகும் வண்டியோடு இடைவெளி விடுங்கள். வளைவில் ஒருவர் பயந்து நிறுத்தினால் பின்னால் வருபவர் மோதுவார். மழையிலும் பனியிலும் வண்டி ஓடாது. அன்று வானம் மூடியிருந்தால் இறங்கும் சீட்டை முன்கூட்டி வாங்காதீர்கள்.

இன்னொன்று: படிகள் ஒரே உயரத்தில் இருக்காது. ஒன்று விரற்கடை உயரம், அடுத்தது முழங்கால் உயரம். மூட்டுக்கு ஏற்றத்தைவிட இறக்கமே வலி கொடுக்கும். கைத்தடி கொண்டுபோங்கள். கழிப்பறைக்கு ஏறும் முன்பே போய்விடுவது நல்லது.

கேள்வி: வேலையாகப் போகிறேன், அரை நாள்தான் கிடைக்கும். ரயிலில் போக முடியுமா?
– வாசகர், சென்னை

பதில்: முடியும், ஆனால் பாதாலிங்குக்கு. 2019 டிசம்பர் இறுதியில் திறந்த அதிவேக ரயில்பாதையில், பெய்ஜிங் வடக்கு நிலையத்திலோ சிங்ஹே நிலையத்திலோ ஏறினால் ஏறத்தாழ அரை மணி நேரத்தில் போய்விடலாம். நிலையம் தரைக்கு 102 மீட்டர் கீழே இருக்கிறது. மேலே வரவும் நேரம் ஒதுக்குங்கள். திரும்பும் சீட்டையும் சேர்த்தே எடுங்கள். ரயில்கள் குறைவு, மாலையில் இடம் கிடைக்காது. சுவரில் ஏறியதும் எல்லோரும் வடக்குக் கோபுரங்களுக்குப் போவார்கள். நீங்கள் தெற்கே திரும்புங்கள். பாதாலிங்குக்கு நாளொன்றுக்கு 65,000 பேர் என்ற வரம்பு இருக்கிறது, நுழைவுச்சீட்டைப் பாஸ்போர்ட் எண்ணோடு முன்பதிவு செய்ய வேண்டும். அக்டோபர் 1 முதல் வரும் விடுமுறை வாரத்தில் போகவே வேண்டாம்.

பேருந்தென்றால் பெய்ஜிங் நகரில் உள்ள தெஷெங்மென்னிலிருந்து 877-ஆம் எண் பேருந்து. அங்கே வழியில் மறித்து "அந்தப் பேருந்து இல்லை, என் வண்டியில் வாருங்கள்" என்பவர்களை நம்பாதீர்கள்.

கேள்வி: புதுப்பித்த சுவர் வேண்டாம், உண்மையான பழைய சுவர்தான் வேண்டும். ஜியான்கோவிலிருந்து நடக்கலாம் என்கிறான் நண்பன்.
– வாசகர், மதுரை

பதில்: ஜியான்கோ பயணிகளுக்குத் திறந்த பகுதியல்ல. 2006-இல் வந்த பெருஞ்சுவர்ப் பாதுகாப்புச் சட்டவிதி, திறக்கப்படாத பகுதிகளுக்கு ஆட்களைத் திரட்டி அழைத்துப் போவதைத் தடுக்கிறது. அங்கே செங்கற்கள் பிடிப்பின்றிக் கிடக்கின்றன. காலின் கீழ் ஒன்று நழுவினால் ஆளும் விழுவார், சுவரும் சிதையும். 400 ஆண்டுக்கு மேல் நின்றதை நம் காலடி உடைக்கக் கூடாது.

ஜின்ஷான்லிங் போங்கள். பெய்ஜிங்கிலிருந்து வடகிழக்கே சுமார் 130 கி.மீ. பத்து கி.மீ.க்குச் சற்று அதிகமான நீளம், 67 கோபுரங்கள். நடுப்பகுதி சீரமைத்தது, கிழக்கே போகப் போகச் சீரமைப்பு குறைந்து, மேற்கூரை இல்லாத கோபுரங்கள் வரும். 1568-க்குப் பிறகு மிங் பேரரசின் தளபதி சி ஜிகுவாங் கொண்டுவந்த உள்ளறையுள்ள கோபுரங்களை இங்கே நன்றாகப் பார்க்கலாம். செங்குத்தான இடங்களில் படிக்குக் குறுக்கே சிறு தடுப்புச்சுவர்கள் நிற்கும். எதிரி மேலே ஏறிவிட்டாலும் வீரர்கள் ஒவ்வொரு தடுப்பாகப் பின்வாங்கிப் போரிட அவை. செங்கற்களில் ஆண்டும் படைப்பிரிவும் பொறித்திருப்பதைத் தேடிப் பாருங்கள், தொடாமல்.

நடுவாயிலில் ஏறிக் கிழக்கு வாயிலில் இறங்க 3 முதல் 4 மணி நேரம். இரு வாயில்களுக்கும் இடையே தூரம் இருப்பதால் ஓட்டுநரைக் கிழக்கு வாயிலில் காத்திருக்கச் சொல்லிவிட்டு ஏறுங்கள். இங்கிருந்து அடுத்த சுவர்ப் பகுதியான சிமாதாய் வரை நடக்கலாம் என்று பழைய வழிகாட்டிகள் சொல்லும். அந்த வழி இப்போது மூடியிருக்கிறது. ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர் வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் இடி விழும் பிற்பகல்களைத் தவிர்க்கவும். செப்டம்பர் பின்பாதியும் அக்டோபர் விடுமுறைக்குப் பின்னும் சிறந்த காலம்.

கேள்வி: சுவரில் இந்தியத் தொடர்புள்ள இடம் உண்டா?
– வாசகி, திருச்சி

பதில்: ஜூயோங்குவான் என்ற கணவாய்க் கோட்டை. பாதாலிங் போகும் வழியில்தான் இருக்கிறது. அங்கே 1345-இல் முடிந்த பளிங்குக்கல் மேடையின் வளைவுக்குள் சமஸ்கிருதம், திபெத்தியம், மங்கோலியம், உய்குர், தங்குத் (இன்று வழக்கில் இல்லாத மொழி), சீனம் என ஆறு எழுத்துகளில் பௌத்த மந்திரங்கள் பொறித்திருக்கின்றன. சுவர் ஏற முடியாதவர்களும் தரையில் நின்றே பார்க்கலாம். உள்ளே வெளிச்சம் குறைவு, கைவிளக்கு உதவும்.