ஆளுமைக் கோளாறு: கடலூர், புதுச்சேரியிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

நான் மருத்துவ உளவியலாளர். கடலூரிலும் புதுச்சேரியிலும் ஆட்களைப் பார்க்கிறேன். சீட்டில் ‘ஆளுமைக் கோளாறு’ என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தபின் என்ன செய்வதென்று தெரியாமல் தவிப்பவர்களும் அவர்கள் வீட்டாரும் கேட்டவை இவை. தன்னையும் பிறரையும் பார்க்கும் விதமும் பழகும் விதமும் நீண்டகாலமாக விறைத்துப்போய், தனக்கோ கூட இருப்பவர்களுக்கோ துன்பம் தருவதைத்தான் ஆளுமைக் கோளாறு என்கிறோம். பெயர்களை எடுத்துவிட்டேன், ஊரை மட்டும் விட்டிருக்கிறேன். இதைப் படித்துவிட்டு யாருக்கும் நீங்களாக நோய்ப்பெயர் சூட்டிவிடாதீர்கள். நேரில் பல முறை பேசாமல் நானும் சூட்டுவதில்லை.

நெல்லிக்குப்பம், ஒரு அம்மா: என் மகளுக்கு இருபத்திரண்டு வயசு. காலையில ‘நீ இல்லாம நான் இல்லம்மா’ன்னு கட்டிப் பிடிச்சிப்பா, ராத்திரி ‘உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்’னு கத்துவா. ஃப்ரெண்டு போனை எடுக்கலன்னா கையைக் கீறிக்கிறா. ‘பார்டர்லைன்’னு டாக்டர் சொல்றாரு. சொந்தக்காரங்க ‘செல்லம் குடுத்துக் கெடுத்துட்ட’ன்னு சொல்றாங்க. நான் வளர்த்த விதம்தானா மேடம்?

அம்மா, முதலில் அந்தச் சொந்தக்காரர்கள் பேச்சை ஓரமாக வையுங்கள். பார்டர்லைன் என்பது உணர்ச்சியும் உறவும் நிலையில்லாமல் அலைபாயும் ஆளுமைக் கோளாறு, அது செல்லத்தால் வருவதில்லை. இரட்டைப் பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வுகள், ஏறத்தாழ பாதி பங்கு பிறவியிலேயே வருகிறது என்கின்றன. சில குழந்தைகளுக்குப் பிறக்கும்போதே உணர்ச்சி சட்டென்று பொங்கும், உச்சத்துக்குப் போகும், அடங்க வெகுநேரம் பிடிக்கும். அப்படிப்பட்ட பிள்ளைக்கு அடி, பாலியல் துன்புறுத்தல், புறக்கணிப்பு போன்றவை நேர்ந்தாலோ, வீட்டிலும் பள்ளியிலும் ‘இதுக்குப் போயா அழுவுற’ என்றே கேட்டுக் கேட்டு வளர்ந்தாலோ, தன் மனசில் ஓடுவதைத் தானே நம்பாத நிலை வந்துவிடுகிறது. எல்லாருக்கும் கொடுமை நடந்திருக்கும் என்பதும் இல்லை. அன்பான வீடுகளிலிருந்தும் வருகிறார்கள்.

உங்கள் மகள் நடிக்கவில்லை. போனை எடுக்காத தோழி அவளுக்கு ‘வேலையாக இருக்கிறாள்’ என்று தோன்றுவதில்லை, ‘என்னை விட்டுட்டுப் போய்ட்டா’ என்றே தோன்றுகிறது. அந்த நேரத்து வலி தாங்க முடியாததால்தான் பலர் கையைக் கீறுகிறார்கள். கீறினால் சில நிமிடம் வலி அடங்குகிறது, அதனாலேயே பழக்கமாகிவிடுகிறது. ‘கவனத்தை இழுக்கத்தான் செய்யறா’ என்று சொல்லிச் சொல்லியே பல பிள்ளைகளைச் சிகிச்சைக்கு வராமல் செய்துவிட்டோம்.

நீங்கள் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. அவள் கொதிக்கும்போது புத்தி சொல்லாதீர்கள், நியாயம் பேசாதீர்கள். ‘அவ போன் எடுக்காதது உனக்கு ரொம்ப வலிக்குதுன்னு புரியுது’ என்று மட்டும் சொல்லுங்கள். அவள் செய்தது சரி என்று ஒத்துக்கொள்வதாக இதற்கு அர்த்தம் இல்லை. வலி நிஜம் என்று ஒத்துக்கொள்கிறீர்கள், அவ்வளவுதான். யோசனை, கண்டிப்பு எல்லாம் அவள் அடங்கிய பிறகு, மறுநாள் கூட இருக்கலாம்.

லாஸ்பேட்டை, ஒரு இளம்பெண்: எனக்கே இந்த பார்டர்லைன்தான்னு எழுதியிருக்காங்க. நெட்ல படிச்சா ‘இது குணம், மாறாது’ன்னு போட்டிருக்கு. உண்மையைச் சொல்லுங்க மேடம்.

உண்மை நீங்கள் படித்ததற்கு நேர் எதிர். அமெரிக்காவில் பாஸ்டன் அருகே உள்ள மெக்லீன் மருத்துவமனையில், மேரி சனாரினி என்ற ஆய்வாளர் இந்தக் கோளாறு உள்ள 290 பேரை 1992 முதல் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார். எல்லாரும் ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்கு மோசமான நிலையில் இருந்தவர்கள். பத்து ஆண்டு முடிவில் 93 சதவீதம் பேர், குறைந்தது இரண்டு வருடம் தொடர்ந்து இந்த நோய்க்கான வரையறைக்குள் வராத அளவு தேறியிருந்தார்கள். ‘மாறாது’ என்று சொல்பவரிடம் இந்த எண்ணைக் காட்டுங்கள்.

அதே ஆய்வில் இன்னொரு எண்ணும் இருக்கிறது, அதையும் மறைக்க மாட்டேன். அறிகுறி குறைந்ததோடு நிலையான வேலை அல்லது படிப்பு, மனசுக்கு நெருக்கமான ஒரு உறவு என்று முழு வாழ்க்கையும் திரும்பியவர்கள் பாதிப் பேர்தான். கீறுவதும் கத்துவதும் முதலில் குறைகின்றன, வெறுமையும் கைவிடப்படுவோம் என்ற பயமும் மெதுவாகத்தான் போகின்றன. அதனால்தான் என்னிடம் வருகிறவர்களிடம் ‘குணமானபின் வேலைக்குப் போகலாம்’ என்று சொல்ல மாட்டேன். காலையில் எழுந்து போக ஒரு இடம் வேண்டும், பகுதிநேர வேலையாக இருந்தாலும் சரி. வேலையும் சிகிச்சையின் ஒரு பகுதிதான் என்பது என் உறுதியான கருத்து.

முத்தியால்பேட்டை, கல்லூரி மாணவர்: என் மூடு ஒரே நாள்ல நாலு தடவ மாறுது. இது பைபோலாரா, பார்டர்லைனா?

தம்பி, எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று பாருங்கள். பைபோலார் என்பது அளவுமீறிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் நோய், அதில் மூடு நாள்கணக்கில், வாரக்கணக்கில் நிற்கும். மேனியா, அதாவது அந்த உற்சாக நிலை, என்று சொல்ல பொதுவாக ஒரு வாரம் தொடர வேண்டும், தூக்கமே தேவைப்படாமல் உற்சாகம் பொங்கும், பணம் கரையும். பார்டர்லைனில் சில மணி நேரத்தில் மாறும், பெரும்பாலும் யாரோ சொன்ன ஒரு சொல், வராத ஒரு மெசேஜ் என்று காரணமும் இருக்கும். இரண்டும் ஒருவருக்கே இருப்பதும் உண்டு. இந்த இரண்டும் இல்லாமல் தூக்கக் குறைவு, கஞ்சா, தேர்வு பயம் என்றும் இருக்கலாம். பார்டர்லைனுக்கு ஒன்பது அறிகுறிகளில் ஐந்து இருக்க வேண்டும், அதுவும் நீண்டகாலமாக. மூடு மாறுவது அந்த ஒன்பதில் ஒன்றே ஒன்று.

பண்ருட்டி, ஒரு அப்பா: பொண்ணுக்கு பார்டர்லைன்னு நாலு வகை மாத்திரை குடுக்கறாங்க. ஒண்ணும் பெருசா மாறல. நிறுத்திடலாமா?

ஐயா, நீங்களாக நிறுத்தாதீர்கள். சில மாத்திரைகளைச் சட்டென்று விட்டால் வலிப்பு கூட வரலாம். ஆனால் உங்கள் கேள்வி நியாயமானது, அதை மருத்துவரிடம் தைரியமாகக் கேளுங்கள்: ‘இந்த மாத்திரை எதுக்கு, எத்தனை நாளைக்கு, வேலை செய்யலன்னா எப்ப நிறுத்துவீங்க?’

பார்டர்லைன் கோளாறையே குணப்படுத்தும் மாத்திரை இதுவரை இல்லை. சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் இங்கிலாந்தின் ‘நைஸ்’ அமைப்பு 2009-ல் வெளியிட்ட வழிகாட்டுதலே, இந்தக் கோளாறுக்கென்று மருந்து கொடுக்க வேண்டாம் என்கிறது. வலிப்புக்கும் பைபோலாருக்கும் கொடுக்கும் லாமோட்ரிஜின் மாத்திரை மீது பலர் நம்பிக்கை வைத்திருந்தார்கள். அங்கே 276 பேரிடம் சோதித்து 2018-ல் வெளியிட்டபோது, மருந்தே இல்லாத சும்மா மாத்திரையை விட அது கூடுதலாக உதவவில்லை என்று தெரிந்தது. கூடவே மனச்சோர்வு, பதற்றம், தூக்கமின்மை இருந்தால் அவற்றுக்கு மருந்து தேவைப்படும். நெருக்கடியான சில நாட்களுக்கும் கொடுப்பார்கள். தவறு எங்கே நடக்கிறதென்றால், ஒவ்வொரு நெருக்கடிக்கும் ஒரு மாத்திரை சேர்கிறது, எதுவும் கழிவதில்லை. எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. இன்னொன்று, மாத்திரைகளை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள், ஒரு வாரத்துக்கு மேல் வீட்டில் சேர்த்து வைக்காதீர்கள்.

வில்லியனூர்: அப்போ பார்டர்லைனுக்கு சிகிச்சைன்னா என்ன மேடம்? வெறும் பேச்சுதானா? எங்க போறது?

பேச்சுதான், ஆனால் ஒழுங்கும் திட்டமும் உள்ள பேச்சு. அதிகம் ஆராயப்பட்டது டி.பி.டி. எனப்படும் டயலெக்டிக்கல் பிஹேவியர் தெரபி. சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இருந்த மார்ஷா லினஹன் உருவாக்கியது, முதல் பெரிய சோதனை முடிவு 1991-ல் வந்தது. தானே பதின்வயதில் தன்னைக் காயப்படுத்திக்கொண்டு மனநல மருத்துவமனையில் பூட்டி வைக்கப்பட்டவள் என்று 2011-ல் அவர் வெளிப்படையாகச் சொன்னார். இந்தச் செய்தியை என்னிடம் வரும் பெண்களுக்குத் தவறாமல் சொல்கிறேன். சிகிச்சையைக் கண்டுபிடித்தவரே இந்த வலியைக் கடந்து வந்தவர் என்று கேட்டதும் முதன்முறையாக நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

முழு டி.பி.டி. ஒரு வருடம் ஓடும். வாரம் ஒரு முறை தனியாகப் பேச்சு, வாரம் ஒரு முறை குழுவாகப் பயிற்சி, இடையில் நெருக்கடி வந்தால் போனில் வழிகாட்டல். குழுவில் கற்றுக்கொடுப்பவை நான்கு: இந்தக் கணத்தைக் கவனிப்பது, உணர்ச்சியைக் கையாள்வது, உறவில் கேட்கவும் மறுக்கவும் கற்பது, நெருக்கடியை நிலைமையைக் கெடுக்காமல் தாண்டுவது. கடைசி வகையில் ஒன்றை இப்போதே சொல்கிறேன். கொதிப்பு உச்சத்தில் இருக்கும்போது ஒரு அகன்ற பாத்திரத்தில் ஐஸ் தண்ணீர் ஊற்றி, மூச்சைப் பிடித்து, முகத்தை அரை நிமிடம் அதில் வைக்க வேண்டும். தண்ணீரில் முங்கும்போது இதயத்துடிப்பு குறைவது உடம்பின் இயல்பு, அதைப் பயன்படுத்துகிறோம். பிறகு மூச்சை இழுப்பதைவிட விடும் நேரம் நீளமாக இருக்கட்டும். இதய நோய் உள்ளவர்கள் இந்த ஐஸ் தண்ணீரைத் தொடக்கூடாது.

முழுமையான டி.பி.டி. குழு நம் ஊர்ப் பக்கம் கிடைப்பது அரிது. அதற்காக மனம் தளர வேண்டாம். 2009-ல் கனடாவில் 180 பேரிடம் டி.பி.டி.யையும், மனநல மருத்துவர்கள் ஒழுங்காக வாரம்தோறும் பார்க்கும் பொதுவான சிகிச்சையையும் ஒப்பிட்டார்கள். ஒரு வருட முடிவில் இரண்டிலும் ஒரே அளவு தேறியிருந்தார்கள். நோயைப் புரிய வைத்து, மாறாமல் கூடவே வரும் ஒரே ஆள் கிடைத்தாலே பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

போகும் இடம்: கோரிமேட்டில் ஜிப்மர் மனநலப் பிரிவு, கதிர்காமத்தில் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி, கடலூர்க்காரர்களுக்கு அரசு தலைமை மருத்துவமனை அல்லது சிதம்பரத்தில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி. தனியாரிடம் போனால், உளவியலாளர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்பவரிடம் போக வேண்டாம். மாதத்துக்கு ஒரு ஆள் என்று மாற்றிக்கொண்டே இருக்கவும் வேண்டாம், இந்தக் கோளாறில் அதுதான் பெரிய நஷ்டம்.

கடலூர் முதுநகர், ஒரு பெண்: வீடியோல பார்த்தேன், என் வீட்டுக்காரர் அப்படியே ‘நார்சிசிஸ்ட்’. அவரை எப்படித் திருத்தறது? அடிக்கவும் செய்றார்.

சகோதரி, ‘நார்சிசிஸ்ட்’ என்றால் தன்னையே பெரிதாக நினைத்து மற்றவர் மனசைப் பார்க்காதவர் என்று அர்த்தம். ஆனால் அவருக்கு என்ன கோளாறு என்று நான் சொல்ல முடியாது, அந்த வீடியோக்காரரும் சொல்ல முடியாது. அடிப்பவர்களில் பலருக்கு எந்தக் கோளாறும் கிடையாது. இருந்தாலும் அது அடிப்பதற்கு அனுமதிச் சீட்டு ஆகாது. நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ‘நான் பத்திரமாக இருக்கேனா’ என்பது. 181 பெண்கள் உதவி எண்ணுக்குப் பேசுங்கள், 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி அந்த வீட்டிலேயே வசிக்கும் உரிமையும் பாதுகாப்பு உத்தரவும் கேட்கலாம். அவரைத் திருத்துவது உங்கள் வேலை அல்ல. அவராக விரும்பி வந்தால் சிகிச்சை உண்டு.

விருத்தாசலம்: பையனுக்கு பதினஞ்சு. திருடறான், ஸ்கூல் கட் அடிக்கறான், தம்பியை அடிக்கறான். ‘ஆன்டிசோஷியல்’னு ஒருத்தர் சொல்லிட்டார்.

‘ஆன்டிசோஷியல்’ என்பது மற்றவர் உரிமையையும் விதிகளையும் மதிக்காத ஆளுமைக் கோளாறு, பதினெட்டு வயதுக்கு முன் அந்தப் பெயரை வைக்கவே விதி இல்லை. இப்படிப்பட்ட பிள்ளைகளில் பெரும்பாலானோர் பெரியவர்களாகி அப்படி ஆவதும் இல்லை. படிப்பில் பின்தங்கியிருக்கிறானா, கவனக்குறைவுக் கோளாறு உண்டா, யாராவது அவனைத் துன்புறுத்துகிறார்களா, போதைப் பழக்கம் உண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள். அடித்தால் மோசமாகும். பெற்றோருக்கான பயிற்சி வேலை செய்கிறது.

நெய்வேலி: அண்ணனுக்கு எல்லாம் நேர்கோட்டுல இருக்கணும், யாரையும் வேலை செய்ய விடமாட்டார். ஓ.சி.டி.யா?

ஓ.சி.டி. என்பது வேண்டாத எண்ணங்கள் திரும்பத் திரும்ப வந்து ஒன்றையே செய்யவைக்கும் நோய். அது உள்ளவருக்கு அந்த எண்ணங்கள் தொல்லை, விடமுடியாமல் தவிப்பார். உங்கள் அண்ணன் ‘நான் சொல்வதுதான் சரி’ என்கிறார் என்றால் அது வேறு, ஆளுமை சார்ந்த விறைப்பு. பெரும்பாலும் மனைவி, பிள்ளைகள்தான் முதலில் உதவி கேட்டு வருவார்கள்.

காட்டுமன்னார்கோயில், ஒரு அண்ணன்: தங்கச்சிக்கு பார்டர்லைன்னு சொல்லியிருக்காங்க. ராத்திரியில ‘செத்துப் போறேன்’னு சொல்றா. நிறைய தடவ சொல்லிட்டா, அதனால யாரும் இப்ப கண்டுக்கறதில்ல. நாங்க விவசாயக் குடும்பம்.

தம்பி, இந்தக் கேள்விக்குத்தான் நான் நிறைய எழுத விரும்புகிறேன். பலமுறை சொன்னவர் செய்யமாட்டார் என்பது பொய். இந்தக் கோளாறில் தற்கொலைச் சாவு பொதுமக்களைவிடப் பல மடங்கு அதிகம்.

வீட்டில் பூச்சிமருந்து இருக்கிறதா? இன்றே வெளியே எடுத்துவிடுங்கள். கொல்லையில் ஒளித்து வைப்பது போதாது, வயற்காட்டில் பூட்டிய பெட்டியில் வைத்து, சாவி உங்களிடம் இருக்கட்டும். உந்துதல் பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் தணிந்துவிடும். அந்த நேரத்தில் கைக்கு எது எட்டுகிறது என்பதில்தான் உயிர் இருக்கிறது. இலங்கையில் 1990-களில் கொடிய பூச்சிமருந்துகளைத் தடை செய்தபின் தற்கொலை விகிதம் ஏறக்குறைய பாதியாக இறங்கியது. உங்கள் காட்டுமன்னார்கோயில் பக்கத்திலேயே மருத்துவர் லட்சுமி விஜயகுமார் குழுவினர், விவசாயிகள் பூச்சிமருந்தைப் பூட்டி வைக்கப் பொதுக் கிடங்கு அமைத்துப் பார்த்தார்கள். 2013-ல் அந்த ஆய்வு வெளிவந்தது, ஊர்மக்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள்.

அவள் சொல்லும்போது நேராகக் கேளுங்கள்: ‘இன்னிக்கு ராத்திரி சாகணும்னு நெனக்கிறியா? எப்படின்னு யோசிச்சியா?’ கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்ற பயம் வேண்டாம், வராது. ‘ஆமாம்’ என்றால் தனியாக விடாதீர்கள், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், 108-ஐ அழையுங்கள். பேச மட்டும் ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் டெலி-மானஸ் 14416, இரவு பகல் எப்போதும், தமிழில், இலவசம். தமிழ்நாட்டில் 104-ம் உண்டு. ஏற்கெனவே ஏதாவது குடித்துவிட்டால் ‘போலீஸ் கேஸ் ஆகும்’ என்று தாமதிக்காதீர்கள். 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக்கூடாது என்கிறது.

அமைதியான நாளில் அவளோடு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள்: எது வந்தால் மனசு கெடுகிறது, தானாக என்ன செய்யலாம், யாருக்குப் போன் செய்யலாம், எந்த மருத்துவமனை. தாள் அவள் கையெழுத்தில் இருக்கட்டும். நெருக்கடியில் மட்டும் எல்லாரும் ஓடி வந்துவிட்டு மற்ற நாளில் யாரும் பேசாமல் இருந்தால், நெருக்கடிதான் அவளுக்கு ஒரே கதவாகிவிடும். சும்மா இருக்கும் நாளிலும் கூடச் சேர்ந்து டீ குடியுங்கள்.

திருப்பாதிரிப்புலியூர்: எங்க பொண்ணுக்கு பார்டர்லைன். கல்யாணம் பண்ணி வச்சா சரியாயிடும்னு பெரியவங்க சொல்றாங்க. மாப்பிள்ளை வீட்டுல சொல்லணுமா?

சரியாகாது. புது வீடு, புது ஆட்கள், எதிர்பார்ப்பு எல்லாம் சேர்ந்து முதல் வருடமே இன்னும் மோசமாகும், பழி பெண் மேல் விழும். ஆனால் கல்யாணமே கூடாது என்பதும் இல்லை. தேறியபின் நல்ல துணையோடு நிறையப் பேர் நிம்மதியாக வாழ்கிறார்கள். அவள் விரும்பும்போது, அவள் தயாரென்று சொல்லும்போது நடக்கட்டும். மாப்பிள்ளையிடம் சொல்லத்தான் வேண்டும், ஆனால் சொல்ல வேண்டியது அவள், உங்கள் மூலம் தரகர் காதுக்குப் போகக் கூடாது. பதினெட்டு வயது தாண்டியவரின் சிகிச்சை விவரம் அவருடையது, சட்டமும் அதைத்தான் சொல்கிறது. அவளும் மாப்பிள்ளையும் சேர்ந்து ஒரு முறை வந்தால், இரண்டு பேரிடமும் உட்கார்ந்து பேசத் தயாராக இருக்கிறேன்.