ஹட்சுனே மிகு விளையாட்டுகளில் ரசிகர்கள் போட்ட பாட்டு எப்படி இடம்பெறுகிறது?

ரிதம் கேம் என்றால் பாட்டின் தாளத்துக்குச் சரியாகப் பட்டனைத் தட்டும் விளையாட்டு. ஜப்பானிய விளையாட்டு நிறுவனமான செகா 2009-இல் பிஎஸ்பி என்ற கையடக்க விளையாட்டுக் கருவிக்கு வெளியிட்ட 'ஹட்சுனே மிகு: ப்ராஜெக்ட் டிவா'வில் முக்கோணம், வட்டம் போன்ற குறிகள் திரையில் பறந்து வரும். அதே வடிவத்தில் காத்திருக்கும் குறியின்மேல் வந்து பொருந்தும் நொடியில் அழுத்தினால் 'கூல்' என்ற முழு மதிப்பீடு. சற்று முந்தினாலோ பிந்தினாலோ மதிப்பெண் குறையும்.

ஆட்டம் அவ்வளவுதான். சுவாரசியமெல்லாம் பாட்டு வந்த வழியில். மிகு என்பது ஜப்பானில் சப்போரோ நகரின் கிரிப்டன் நிறுவனம் 2007-இல் விற்கத் தொடங்கிய, பாட்டுப் பாடும் குரல் மென்பொருள்; அதற்கு முகமாக வரைந்த பெண் பாத்திரத்தின் பெயரும் அதுவே. உள்ளே இருப்பது யமஹாவின் வோக்கலாய்ட் நுட்பம். குரல் மாதிரி தந்தவர் நடிகை சகி ஃபுஜிதா. ஆர்மோனியம் விற்ற கடைக்காரர் அதில் நீங்கள் போடும் மெட்டுக்கு உரிமை கேட்பாரா? இங்கேயும் அப்படித்தான். வாங்கியவர்கள் வீட்டிலிருந்தே பாட்டமைத்து நிகோநிகோ என்ற ஜப்பானிய வீடியோ தளத்தில் ஏற்றினார்கள். ஒருவர் பாட்டுக்கு முகம் தெரியாத இன்னொருவர் படம் வரைந்தார். லாபநோக்கில்லாமல் மிகுவின் உருவத்தைப் பயன்படுத்த கிரிப்டனும் அனுமதித்தது. கெட்டிக்காரத்தனமான முடிவு! அப்படிப் பிரபலமான பாடல்கள்தான் செகாவின் விளையாட்டுக்குள் வந்தன. 2020-இல் வந்த செகாவின் கைப்பேசி விளையாட்டான 'ப்ராஜெக்ட் செகாய்' ஒருபடி மேலே போய், போட்டி வைத்தும் புதுப் பாடல்களைச் சேர்க்கிறது.

பலர் நினைப்பதுபோல் மிகு தானாகப் பாட்டுக் கட்டுவதில்லை. எந்த எழுத்து எந்தச் சுரத்தில் எவ்வளவு நேரம் நிற்கவேண்டும் என்று ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் குறித்துக் கொடுத்தால்தான் வாயே திறப்பாள்.