லண்டனுக்கு ஒன்றேகால் மணி நேரமா?

தம்பி, பாரிஸுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது, லண்டனில் இருக்கும் அக்காவைப் பார்க்க வேண்டும், எவ்வளவு தூரம், விமானத்தில் எவ்வளவு நேரம் என்று கேட்டிருக்கிறீர்கள். நேர்கோட்டில் ஏறத்தாழ 340 கிலோமீட்டர். விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம். இந்தக் கணக்கை நம்பித்தான் நானும் முதல் முறை ஏமாந்தேன்.

மலிவாகக் கிடைத்தது என்று லூட்டன் விமான நிலையத்துக்கு டிக்கெட் எடுத்தேன். பெயரில் லண்டன் ஒட்டியிருக்கிறதே தவிர, அது நகரத்துக்கு வடக்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. விடிய ஐந்து மணிக்குப் பாரிஸை ஒட்டிய லா கூர்னேவில் வீட்டைப் பூட்டினேன். ரயில், பாதுகாப்புச் சோதனை, காத்திருப்பு, அங்கே இறங்கியதும் கடவுச்சீட்டு வரிசை, பிறகு மறுபடி ரயில். லண்டன் ஈஸ்ட்ஹாமில் மச்சாள் வீட்டுக் கதவைத் தட்டியபோது ஏழரை மணி நேரம் ஓடியிருந்தது. எனக்கு அது சனியின் கணக்காகத்தான் பட்டது.

டிக்கெட்டில் உள்ள நேரத்தைப் பார்த்தும் மயங்காதீர்கள். லண்டன் கடிகாரம் நம்முடையதைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது. போகும்போது கால் மணி நேரப் பயணம்போலத் தெரியும். திரும்பும்போது இரண்டேகால் மணி நேரம்போல இருக்கும்.

இப்போது நான் யூரோஸ்டார் ரயிலில்தான் போகிறேன். நம் தமிழ்க் கடைகள் இருக்கும் லாச்சப்பலில் சாமான் வாங்கிக்கொண்டு நடந்தே போகும் தூரத்தில் கார் து நோர் நிலையம். அங்கிருந்து லண்டனின் செயின்ட் பாங்க்ரஸ் நிலையத்துக்கு இரண்டேகால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. கடலடிச் சுரங்கத்தைக் கடக்க இருபது நிமிடம் போதும். காதடைப்புக்கூட அவ்வளவாக இல்லை. பிரித்தானியக் குடிவரவு அதிகாரிகள் பாரிஸிலேயே சோதித்துவிடுவார்கள் என்பதால் அங்கே இறங்கி நேரே வெளியே நடக்கலாம். பக்கத்திலேயே கிங்ஸ் கிராஸில் சுரங்க ரயில் ஏறினால் மாறாமல் ஈஸ்ட்ஹாம் வரை போகிறது. பெட்டிகளை நிறுத்துப் பார்க்கவும் மாட்டார்கள். நம்மவருக்கு இதைவிட என்ன வேண்டும்? டிக்கெட்டை மட்டும் முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும். கடைசி நேரத்தில் விலை நெருப்பு.

ஆனால் நீங்கள் கேட்காமல் விட்டதுதான் முக்கியமானது. உங்கள் பிரெஞ்சு வதிவிட அட்டையோடு பெல்ஜியத்துக்கும் சுவிஸுக்கும் உறவினரைப் பார்த்துவரப் போகலாம். லண்டனுக்கு அது செல்லாது. இலங்கைக் கடவுச்சீட்டானாலும், இங்கே தரும் அகதிப் பயண ஆவணமானாலும், பிரித்தானிய விசா தனியாக எடுக்க வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் காத்திருக்க நேரும். விசா கையில் வராமல் டிக்கெட்டுக்குக் காசு கொடுத்துவிடாதீர்கள்.

இன்னொன்று. திரும்பும்போது அக்கா ஆட்டிறைச்சிக் கறி கட்டித் தந்தால் அங்கேயே சாப்பிட்டு முடித்துவிட்டு வாருங்கள். 2021 முதல் அங்கிருந்து இறைச்சியும் பாற்பொருள்களும் இந்தப் பக்கம் கொண்டுவரத் தடை.