அந்தி வானம் சேறாகிறதா? முதலில் மின்விசிறியை நிறுத்துங்கள்

வணக்கம். நீலத்திலிருந்து ஆரஞ்சுக்கு மாறும் அந்தி வானத்தை வீடியோ பார்த்து அக்ரிலிக்கில் வரைந்தால், கோடுகோடாகவும் நடுவில் சேற்று நிறமாகவும் வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். இவை இரண்டும் வேறு வேறு சிக்கல்கள்.

சேற்று நிறத்துக்கு உங்கள் கை காரணமில்லை. நீலமும் ஆரஞ்சும் எதிர்நிறங்கள். கலந்தால் சாம்பலோ பழுப்போதான் கிடைக்கும். இடையில் வெள்ளை கலந்த இளஞ்சிவப்புப் பட்டை ஒன்றைப் போடுங்கள். நீலத்தை அதற்குள் இழுத்து முடித்து, பிரஷைக் கழுவித் துடைத்த பிறகு ஆரஞ்சுப் பக்கத்திலிருந்து வாருங்கள்.

கோடுகளுக்குக் காரணம் வண்ணம் காயும் வேகம். நீர் ஆவியானதும் அக்ரிலிக் பிளாஸ்டிக் படலமாக இறுகிவிடும்; பிறகு நீர் பட்டாலும் கரையாது. பாதி காய்ந்த இடத்தைத் தேய்த்தால் உரிந்து வரும். ஆகவே மின்விசிறியை நிறுத்துங்கள் (மே மாதத்தில் இதைச் சொல்ல எனக்கே மனம் வரவில்லை). அகலமான பிரஷ் எடுங்கள், கான்வாஸை லேசாக ஈரப்படுத்துங்கள். ரிடார்டர் (காய்வதைத் தாமதப்படுத்தும் சேர்மானம்) சேர்க்கலாம், அளவு மீறினால் பிசுபிசுப்பு போகாது. காயத் தொடங்கிவிட்டால் போராடாதீர்கள், முழுதாகக் காயவிட்டு மேலே இன்னொரு பூச்சு கொடுங்கள்.

முழுப் படத்தைச் சில நாள் ஒதுக்கிவைத்து, தடித்த 300 ஜிஎஸ்எம் தாளில் நீலமும் வெள்ளையும் மட்டும் கொண்டு, நீலத்திலிருந்து வெள்ளை வரை 9 படிகளில் கட்டங்கள் போடுங்கள். அக்ரிலிக் காய்ந்தால் சற்று இருண்டுவிடும் என்பது அப்போதுதான் கண்ணுக்குப் பிடிபடும்.

எந்த நீலம் வைத்திருக்கிறீர்கள்? தாலோ நீலம் என்றால் துளியளவு போதும். அது மற்ற நிறங்களை விழுங்கிவிடும்.