மெய்ப்பு யாருடைய வேலை?

அன்புள்ள சார்,

ஈரோட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருக்கிறேன். நான்கு ஆண்டுகளாக எழுதிவந்த நாவலை முடித்துவிட்டேன். மஞ்சள் விவசாயக் குடும்பம் ஒன்றின் மூன்று தலைமுறைக் கதை, சுமார் 60,000 சொற்கள். பெரும்பகுதியைப் பேருந்தில் போகும்போது கைபேசியில் எழுதினேன். கை ஓய்ந்தால் குரல் தட்டச்சு. முதல் பத்து அத்தியாயங்கள் பிரதிலிபி என்ற இணையக் கதைத் தளத்தில் தொடராக வந்திருக்கின்றன.

இரண்டு பதிப்பகங்களுக்கு அனுப்பினேன், பதில் இல்லை. ஒரு நிறுவனம் 48,000 ரூபாய் கொடுத்தால் 100 பிரதிகள், அட்டை, ஐஎஸ்பிஎன் என்ற நூல் அடையாள எண், ஆன்லைன் விற்பனை எல்லாம் செய்து தருவதாகச் சொல்கிறது. நானே வெளியிடலாமா என்றும் யோசிக்கிறேன். எது சரி? எத்தனை பிரதி போடலாம்? அமேசானின் கிண்டிலில் மின்நூலாகவும் ஏற்றலாமா? வேலையை விட்டுவிட்டு முழுநேரம் எழுதலாமா? புனைபெயர் வேண்டுமா? மெய்ப்பு நானே இரண்டு முறை பார்த்துவிட்டேன். அச்சுக்குப் போகும் முன் பிழை பார்க்கும் வேலைதானே. கதை நன்றாக இருந்தால் யார் ஒற்றுப்பிழையைத் தேடப்போகிறார்கள் என்கிறாள் தோழி. முதல் மூன்று அத்தியாயங்களை இணைத்திருக்கிறேன்.

க.

அன்புள்ள க,

வேலையை விடாதீர்கள். தமிழில் பதிப்பகம் வழியாக வரும் நாவலுக்கு வழக்கமான ராயல்டி 10 சதவீதம். 300 ரூபாய் விலையுள்ள நாவல் 500 பிரதி விற்றால் உங்கள் கைக்கு 15,000 ரூபாய் வரும். முதல் நாவலுக்கு 500 என்பதே நல்ல விற்பனை. மேற்கொண்டு கணக்குப் போட உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

புனைபெயர் உங்கள் விருப்பம். பான் எண்ணும் வங்கிக் கணக்கும் ஒப்பந்தக் கையெழுத்தும் சொந்தப் பெயரில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த 48,000 ரூபாய்த் திட்டத்தில் ஐஎஸ்பிஎன்னுக்கும் தனியாக ஒரு தொகை போட்டிருந்தால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் ஐஎஸ்பிஎன் இலவசம். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையின் இணையதளத்தில் எழுத்தாளரே விண்ணப்பித்துப் பெறலாம். அந்த நிறுவனத்தின் எண்ணில் புத்தகம் வந்தால் பதிவேட்டில் பதிப்பாளர் அந்த நிறுவனம்தான். ஒப்பந்தத்தில் ‘அனைத்து உரிமைகளும்’ என்ற வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அடித்துவிட்டு, என்னென்ன உரிமை, எந்த நிலப்பரப்புக்கு, எத்தனை ஆண்டுக்கு என்று எழுதச் சொல்லுங்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்றும் கொள்ளப்படும். சட்டம் இவ்வளவு பாதுகாப்புத் தந்தும் ‘நிரந்தரமாக, உலகம் முழுவதும்’ என்ற வரியின் கீழே நீங்களே கையெழுத்துப் போட்டால் யாரும் காப்பாற்ற முடியாது.

கிண்டிலில் ஏற்றலாம். ஆனால் இந்தியாவில் விற்பதற்கு 70 சதவீத ராயல்டி வேண்டுமென்றால் அமேசானின் கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர வேண்டும், இல்லாவிட்டால் 35 சதவீதம்தான். செலக்டில் சேர்ந்தால் 90 நாட்களுக்கு அந்த நூல் மின்வடிவில் வேறெங்கும் கிடைக்கக் கூடாது. பிரதிலிபியில் உள்ள பத்து அத்தியாயங்களை முதலில் எடுத்துவிடுங்கள். அச்சுப் புத்தகத்துக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது.

இவற்றையெல்லாம் யாரிடம் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். உங்கள் கடிதத்தில் என்னால் தாண்டிப்போக முடியாத வரி வேறு: “மெய்ப்பு நானே இரண்டு முறை பார்த்துவிட்டேன்.” சொந்தமாக நாவல் வெளியிடுகிறவர்கள் அட்டைக்கும் வெளியீட்டு விழாவுக்கும் செலவழித்துவிட்டு, மெய்ப்பென்று வரும்போது மட்டும் கையை மூடிக்கொள்கிறார்கள். இதைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது.

நீங்கள் அனுப்பிய மூன்று அத்தியாயங்களையும் படித்தேன். மாமியார் இறந்த வீட்டில் மருமகள் யாருக்கும் தெரியாமல் விதைமஞ்சளைத் தரம் பிரித்து வைக்கும் இடம் அருமை. அந்த இடத்துக்காகவே இந்த நாவல் புத்தகமாக வர வேண்டும். ஆனால் அதே பக்கத்தில் “அரையில் விளக்கு எரியவில்லை” என்று இருக்கிறது. அரை என்றால் இடுப்பு. நான்கு வரி தள்ளி, தாழம்பூவின் “மனம்” வீசுகிறது. சாவு வீட்டின் கனத்தோடு வந்துகொண்டிருந்த வாசகர் அங்கே சறுக்கிவிடுகிறார். உங்கள் தோழி சொன்னதுபோல வாசகர் பிழையைத் தேடுவதில்லை. பிழைதான் அவர் காலை இடறுகிறது. பிறகு அவர் கதையை விட்டுவிட்டு உங்களைக் கவனிக்கத் தொடங்கிவிடுவார்.

இந்தப் பிழைகள் குரல் தட்டச்சில் வந்தவை. அறை–அரை, மணம்–மனம், கறை–கரை, பறவை–பரவை, களை–கலை இவையெல்லாம் இரண்டு பக்கமும் சரியான சொற்கள். அதனால் பிழைதிருத்திச் செயலிகள் பெரும்பாலும் அடிக்கோடு போடாது. எழுதியவர் கண்ணிலும் படாது. உங்கள் மனத்தில் ‘அறை’ என்று இருப்பதால் தாளில் ‘அரை’ என்று இருந்தாலும் கண் ‘அறை’ என்றே வாசித்துக்கொண்டு போகும். நீங்கள் இரண்டு முறை அல்ல, இருபது முறை பார்த்தாலும் இதுதான் நடக்கும்.

மெய்ப்புக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. இரண்டாம் அத்தியாயத்தில் வைகாசியில் மஞ்சள் நடுகிறார்கள். மூன்றாம் அத்தியாயத்தில், அதே ஆண்டு ஆவணியில் கொப்பரையில் போட்டு வேக வைக்கிறார்கள். ஒன்பது மாதப் பயிர் மூன்று மாதத்தில் எப்படிக் கொப்பரைக்கு வந்தது? தை, மாசியில் அல்லவா வெட்டுவார்கள்? ஈரோட்டுக்காரர் ஒருவர் இதைப் படித்தால் அதற்கு மேல் நீங்கள் எழுதிய எதையும் நம்ப மாட்டார். இந்த ஊரிலேயே இருக்கிற உங்களுக்கு இது தெரியாமலில்லை. ஆவணியில் ஒரு கல்யாணம் தேவைப்பட்டிருக்கிறது, காட்சியை நகர்த்தியிருக்கிறீர்கள், மஞ்சளை அங்கேயே மறந்துவிட்டீர்கள். ஒரு நீளமான தாள் எடுத்து ஆண்டு, மாதம், அந்த மாதத்தில் வயலில் என்ன வேலை, ஒவ்வொருவருக்கும் என்ன வயது என்று கட்டம் போடுங்கள். மூன்று தலைமுறைக் கதைக்கு இந்தக் கட்டம் இல்லாமல் முடியாது. கணக்கு டீச்சர் நீங்கள், வழி எழுதாத விடைக்கு முழு மதிப்பெண் போடுவீர்களா?

கட்டம் சரியானதும் கோப்பை மூடிவிட்டு ஒரு மாதம் திறக்காதீர்கள். பிறகு ஏ4 தாளில், வரிகளுக்கிடையே நல்ல இடைவெளி விட்டு அச்செடுங்கள். கைபேசித் திரையில் எழுதியதைக் கைபேசித் திரையிலேயே திருத்த முடியாது. ஒரு அமர்வுக்கு 20 பக்கம் போதும், அதற்குமேல் போனால் கண் மறுபடியும் கதைக்குள் விழுந்துவிடும். வரிக்குக் கீழே ஓர் அடிக்கோல் வைத்து வாய்விட்டுப் படியுங்கள்.

ஒற்றுக்கு இலக்கணப் புத்தகம் முழுவதையும் கரைத்துக் குடிக்க வேண்டாம். உங்கள் அத்தியாயங்களில் நான் குறித்த ஒற்றுப்பிழைகளில் பெரும்பாலானவை சில இடங்களிலேயே திரும்பத் திரும்ப வருகின்றன. ‘ஐ’, ‘கு’ உருபுகளுக்குப் பின் மிகும்: அவளைக் கேட்டான், ஊருக்குப் போனான். அந்த, இந்த, அப்படி, இப்படி வந்தாலும் ‘ஆக’ வந்தாலும் மிகும். பார்த்து, எடுத்து, கேட்டு போன்ற வினையெச்சங்களுக்குப் பின் மிகும். வந்து, செய்து என்பவற்றுக்குப் பின் மிகாது. வந்த, தந்த போன்ற பெயரெச்சங்களுக்குப் பின்னும் மிகாது. நீங்கள் “தாத்தா தந்தப் பலகை” என்று எழுதியிருக்கிறீர்கள். தாத்தா கொடுத்த பலகை அங்கே யானைத் தந்தத்தால் செய்த பலகையாகிவிட்டது. ஒற்றுப்பிழையை யார் பார்ப்பார்கள் என்று கேட்ட தோழியிடம் இதைக் காட்டுங்கள்.

சேர்த்தெழுதுவதும் பிரித்தெழுதுவதும் இப்படித்தான். ‘வந்துவிட்டான்’ வேறு, பள்ளியில் கொண்டு ‘வந்து விட்டான்’ வேறு. இதில் ஒரே நாவலுக்குள் மூன்று விதமாக எழுதியிருக்கிறீர்கள்.

இதன் பிறகு கோப்பை மெய்ப்பாளரிடம் கொடுங்கள். ஆம், காசு கொடுத்து. பக்கத்துக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். முதல் 10 பக்கத்தைச் சோதனைக்குக் கொடுத்து, அதற்கும் பணம் கொடுத்துவிடுங்கள். அவர் எதைத் திருத்தினார் என்பதைவிட எதைத் தொடாமல் விட்டார் என்று பாருங்கள். “போயிட்டு வாரனுங்க” என்பதை “வருகிறேனுங்க” என்று மாற்றுகிறவரிடம் கொங்கு நாவலைக் கொடுக்க முடியாது. அவர்மீது மட்டும் குற்றமில்லை. எது பேச்சு வழக்கு, எது பிழை என்று நீங்கள் சொல்லியிருக்க வேண்டும். பாத்திரவாரியாக ஒரு பட்டியல் எழுதிக் கொடுங்கள். பாட்டி ‘வெச்சு’ என்பாளா, ‘வச்சு’ என்பாளா? பேத்தி ‘ங்க’ போடுவாளா, மாட்டாளா? ஊர்ப்பெயர், பட்டப்பெயர், மரம் செடிகளின் வட்டாரப் பெயர் எல்லாம் அதில் இருக்கட்டும். உரையாடலில் ஒற்று மிகுமா என்பதையும் எழுதிவிடுங்கள். பேச்சை அப்படியே எழுதும் இடத்தில் எழுத்து வழக்கின் ஒற்றைத் திணித்தால் பாட்டி மேடைப் பேச்சாளராகிவிடுவாள்.

வடிவமைப்பு முடிந்து பிடிஎஃப் வந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். கோப்பில் இல்லாத புதுப்பிழைகள் இங்கேதான் பிறக்கின்றன. நீங்கள் எழுதியது யூனிகோடில். அச்சகத்தில் இன்னமும் பேஜ்மேக்கர் என்ற பழைய வடிவமைப்பு மென்பொருளில் வேலை செய்கிறார்கள் என்றால் அதைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றியாக வேண்டும். அந்த மாற்றத்தில் ‘ஸ்ரீ’யும் ‘க்ஷ’வும் உடையலாம். இடையில் ஆங்கில எழுத்தில் ஏதாவது இருந்தால் அது பொருளில்லாத தமிழ் எழுத்துகளாகிவிடும். வளைந்த மேற்கோள்குறி இருந்த இடத்தில் ஏதோ ஓர் உயிர்மெய் வந்து நிற்கும். இன்டிசைன் என்ற புதிய மென்பொருள் என்றால் நேரடியாக யூனிகோடிலேயே செய்யலாம். ஆனால் அதில் ‘வேர்ல்டு ரெடி’ கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். ‘கௌ’வும் ‘கெள’வும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், ஆனால் உள்ளே வேறு வேறு. மின்நூலில் ‘கௌரவம்’ என்று தேடினால் ‘கெளரவம்’ கிடைக்காது.

பிடிஎஃப் பார்க்கும்போது இரண்டு பேர் உட்காருங்கள். ஒருவர் மூலத்தை நிறுத்தற்குறிகளோடு சேர்த்து உரக்கப் படிக்க, மற்றவர் மெய்ப்பில் விரல் வைத்து வர வேண்டும். வரி விடுபட்டால் இதில்தான் பிடிபடும். ஒரு சொல்லைத் திருத்தினால் அந்தப் பத்தி முழுவதையும் மறுபடி பாருங்கள், வரிகள் நகர்ந்திருக்கும். பத்தியின் கடைசி ஒற்றை வரி அடுத்த பக்கத் தலைக்குப் போயிருக்கும். இரண்டு பக்கம் கூடிவிட்டால் பொருளடக்க எண்களெல்லாம் தப்பாகிவிடும்.

மொத்தமாக அடிக்கும் ஆஃப்செட் அச்சு என்றால் பக்கக் கணக்கு பாரத்தில் முடிய வேண்டும். ஒரு பாரம் என்பது ஒரே தாளில் அச்சாகி மடிக்கப்படும் 16 பக்கம். டெம்மி 1/8 என்ற வழக்கமான புத்தக அளவில் உங்கள் நாவல் ஏறத்தாழ 18 பாரம், 288 பக்கம் வரலாம். 291இல் முடிந்தால் அந்த மூன்று பக்கத்துக்காக இன்னொரு பாரத் தாளுக்குப் பணம் கொடுப்பீர்கள். வரி இடைவெளியைக் கொஞ்சம் இறுக்கினால் உள்ளே வந்துவிடும். ஆனால் முதல் முறை டிஜிட்டலில் 100 பிரதி மட்டும் போடுங்கள். பிரதிக்கான செலவு ஆஃப்செட்டைவிடக் கூடத்தான் ஆகும். ஆனால் மீதமிருக்கும் பிழைகளை முதல் நூறு வாசகர்கள் சொல்லிவிடுவார்கள், அடுத்த நூறில் திருத்திவிடலாம். 500 பிரதியை அடித்துக் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டால் பிழையும் அங்கேயேதான் இருக்கும்.

விலை வைக்கும் முன் ஒரு பிரதியை எடை போடுங்கள். 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம்) தாளில் 288 பக்கம், அட்டையோடு 320 கிராமைத் தாண்டும். தபால் செலவும் கடைக்காரருக்கான 35–40 சதவீதக் கழிவும் அந்த விலைக்குள் அடங்க வேண்டும். நீங்களே வெளியிட்டால் பதிப்பாளர் நீங்கள்தான் என்பதால், 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி 30 நாட்களுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மற்ற மூன்று நூலகங்களுக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும். அந்த நான்கையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

100 பிரதிக்கும் உத்தரவு கொடுக்கும் முன்னால், கட்டி முடித்த ஒரே ஒரு மாதிரிப் பிரதி கேளுங்கள். கொடுக்காத அச்சகம் வேண்டாம். அதை 180 டிகிரிக்கு விரித்துப் பாருங்கள், முதுகுப் பசை விடக் கூடாது. உள் ஓரத்தில் எழுத்து மடிப்புக்குள் போகாமல் இருக்க வேண்டும். பக்க எண்ணை ஒன்றிலிருந்து கடைசி வரை விரலால் புரட்டிச் சரிபாருங்கள். அட்டையின் முதுகில் உங்கள் பெயர் சரியாக இருக்கிறதா என்று வேறொருவரைப் படிக்கச் சொல்லுங்கள்.

மஞ்சள் கட்டத்தை முடித்ததும் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள். மீதி அத்தியாயங்களையும்.

அன்புடன்