டிராக் டயருக்கு எவ்வளவு காற்று? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: செமி-ஸ்லிக் டயர் (பள்ளங்கள் குறைந்த, சாலையிலும் ஓட்டக்கூடிய டிராக் டயர்) போட்ட காரை டிராக்கில் ஓட்டுகிறேன். காலையில் நான்கிலும் 32 பிஎஸ்ஐ வைக்கிறேன். முதல் மூன்று லேப் (சுற்று) கார் சொன்னபடி கேட்கிறது, பிறகு வழுக்குகிறது. டயர் சரியில்லையா?

பதில்: டயரில் குறையில்லை, காற்றுதான் கூடிப்போகிறது. உள்ளே இருக்கும் காற்று 6 டிகிரி செல்சியஸ் சூடேறினால் அழுத்தம் ஏறத்தாழ 1 பிஎஸ்ஐ உயரும். டிராக்கில் சில லேப்பிலேயே 6 முதல் 10 பிஎஸ்ஐ ஏறுவது சாதாரணம். உங்கள் 32, ஓட்டத்தில் 40 வரை போயிருக்கும். அப்போது டயரின் நடுப்பகுதி புடைத்து, தரையைப் பிடிக்கும் பரப்பு குறைந்துவிடும்.

காலையில் வைக்கும் எண்ணை விடுங்கள். டயர் சூடாக இருக்கும்போது எவ்வளவு என்பதே கணக்கு. உங்கள் டயருக்குத் தயாரிப்பாளர் சொல்லும் சூட்டு அழுத்தத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். சாலைக் கார்களில் செமி-ஸ்லிக்குக்குப் பெரும்பாலும் 32 முதல் 36-க்குள் வரும், எடை குறைந்த காருக்கு இன்னும் குறையும். இலக்கு 34 என்றால், நாலைந்து லேப் ஓட்டிப் பிட்டுக்கு (டிராக் ஓரத்தில் காரை நிறுத்தும் இடம்) வந்ததும் இரண்டு நிமிடத்துக்குள் அளந்து, கூடுதலை இறக்குங்கள். அதிகம் சுமை தாங்கிய டயரில் தொடங்குங்கள். கடிகாரச் சுற்றில் ஓடும் டிராக்கில் வலத் திருப்பங்களே அதிகம் என்பதால் அது இடப்பக்கம். அங்கே சூடும் அதிகம் ஏறும். அதனால் காலையில் இடப்பக்க டயர்களில் வலப்பக்கத்தைவிடக் குறைவாகவே வைக்க வேண்டியிருக்கும்.

டயர் முழுதும் ஆறிய பிறகு, காற்றைத் தொடாமல் மறுபடி அளந்து, அன்றைய வெப்பநிலையோடு குறித்து வையுங்கள். அதுதான் அடுத்த முறைக்கான தொடக்க எண். அளப்பது எப்போதும் ஒரே கேஜில் இருக்கட்டும். ஒரு பக்கம் மட்டும் வெயிலில் நின்ற காரை அளந்தால் எண் ஏமாற்றும். முக்கியமாக, வீட்டுக்குக் கிளம்பும் முன் காற்றை ஏற்றிவிடுங்கள். சூட்டில் இறக்கிய டயர் ஆறினால் சாலைக்குப் போதாது.

கேள்வி: முன் டயரில் வெளி ஓரம் மட்டும் தேய்கிறது. காற்றைக் கூட்டினால் சரியாகுமா?

பதில்: கூட்டும் முன் ஒரு சோதனை. ஓரத்திலிருந்து பக்கச் சுவர்வரை சாக்பீஸால் கோடு போட்டு இரண்டு லேப் ஓட்டுங்கள். பல டயர்களில் ஓரத்தில் சிறு முக்கோணக் குறி இருக்கும். கோடு அந்தக் குறியையும் தாண்டி அழிந்திருந்தால் காற்று குறைவு. குறியோடு நின்றும் ஓரம் தேய்கிறதென்றால் நெகட்டிவ் கேம்பர் (சக்கரத்தின் மேல்பகுதி காரின் உட்பக்கம் சாய்ந்திருக்கும் அளவு) போதவில்லை. அப்போது காற்றைக் கூட்டினால் நடுப்பகுதியையும் சேர்த்துத்தான் கெடுப்பீர்கள்.

ஊசி வைத்த வெப்பமானி கிடைத்தால் நல்லது. ரப்பருக்குள் 2-3 மில்லிமீட்டர் இறக்கி உள், நடு, வெளி என மூன்று இடங்களில் பாருங்கள். வெளியைவிட உள் 5 முதல் 10 டிகிரி கூடுதலாக இருப்பது சரியான நிலை. வெளிதான் அதிகச் சூடு என்றால் கேம்பர் வேண்டும். இரு ஓரத்தையும்விட நடு சூடாக இருந்தால் காற்று அதிகம். தூரத்திலிருந்து காட்டும் லேசர் துப்பாக்கியை நம்ப வேண்டாம், அது நொடியில் ஆறிவிடும் மேற்பரப்பை மட்டுமே படிக்கும்.

கார் திரும்பவில்லையே என்று ஸ்டியரிங்கை மேலும் மேலும் ஒடிப்பதும் இதே ஓரத்தைத்தான் அரைக்கும்.

கேள்வி: நைட்ரஜன் அடைத்தால் சூட்டில் அழுத்தம் ஏறாதா?

பதில்: ஏறும், காற்றைப் போலவே. காற்றோடு ஈரம் புகுந்தால்தான் ஏற்றம் தாறுமாறாகும். நைட்ரஜனில் அது இல்லை, அவ்வளவே. கம்ப்ரசர் தொட்டியில் தேங்கும் தண்ணீரை வடித்து உலர்ந்த காற்று அடைத்தாலே போதும்.

கேள்வி: டயரின் பட்டை (தரையைத் தொடும் ரப்பர்) பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது, பிடிப்பு போய்விட்டது. ஏன்?

பதில்: ஒவ்வொரு முறை சூடேறி ஆறும்போதும் ரப்பர் கொஞ்சம் இறுகுகிறது. புது டயரை முதல் தடவை 10-15 நிமிடம் மிதமாக ஓட்டி, படிப்படியாகச் சூடேற்றி, பிறகு 24 மணி நேரம் தொடாமல் வையுங்கள், ஆயுள் நீளும். பயன்படுத்திய டயரை வாங்குவதானால் பட்டையின் ஆழத்தோடு, பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணையும் பாருங்கள். 2223 என்றால் 2023-இன் 22-ஆம் வாரத்தில் செய்தது.